பக்கம் முப்பத்தேழு

ததேயு கதவுக்கு முன்னால் நிற்கிறான்.
கை உயர்ந்திருக்கிறது, விரல்கள் மடங்கியிருக்கின்றன.
இது பக்கம் ஒன்று.

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில்
குடை ரிப்பேர்க்காரருக்கும் சிப்ஸ் கடைக்கும் நடுவே
ஒற்றை ஷட்டர் டி.டி.பி. கடை.
ஜெபக்கனி என் கையெழுத்தைத் தட்டச்சுகிறாள்,
பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய்.
மேலே லாரி போனால் திரை நடுங்கும்.
'ஞ' வர இரண்டு தடவை அழுத்த வேண்டும்.

பத்தாம் பக்கத்தில் ததேயுவின் அப்பன் பிறந்தார்.
பதினான்கில் கடற்கரைக்குச் சாலை வந்தது,
தார் உருகும் மணத்தோடு, நான்கு பத்தி.
பத்தொன்பதில் தென்மேற்குப் பருவமழை.
இருபத்து மூன்றில் வடகிழக்கு.
இரண்டு மழையும் பெய்கிற மாவட்டத்தில்
ஒன்றை விட்டால் கோபித்துக்கொள்ளாதா?

முப்பத்தேழில் அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

"சாரே, ஒண்ணு கேக்கட்டா?
அந்தப் பையனுக்க கை கடுக்காதா?"

பின்னணி வேண்டுமே என்றேன்.
எந்த வள்ளம், எத்தனை பேர் போனார்கள்,
ஏன் இவன் மட்டும் திரும்பி வந்தான்...

"அதெல்லாம் கொள்ளாம்.
பக்கம் கூடுனா எனக்குத்தான் லாபம்.
ஆனா உள்ள ஜெனோவா இருக்காள்லா,
அடுப்புல மரச்சீனி வேவுது.
முப்பத்தாறு பக்கமா அவளுக்கு ஒண்ணும் தெரியாது.
டைப் அடிக்க அடிக்க எனக்குத்தான் வயிறு எரியுது."

கருங்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
முன்சீட்டில் ஒருத்தி போனில் பேசினாள்:
"ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்தாச்சு.
செருப்புதான் அங்கயே கெடக்கு."
பிறகு போனை மடியில் கவிழ்த்தாள்.
அவள் ஊர் தெரியாது, அவர் பெயர் தெரியாது.
இறங்க வேண்டிய நிறுத்தத்தை நான் விட்டுவிட்டேன்.

அன்றிரவு ததேயுவின் அப்பனை அடித்தேன்.
ஞானஸ்நானம், முதல் வலை,
அம்மாவின் பாம்படம் அடகுபோன பகல், எல்லாம் போயிற்று.
சாலையில் மட்டும் பேனா நின்றது.
அதற்காக மூன்று நாள் அலைந்தவன் நான்,
பழைய காண்டிராக்டர் வீட்டில் கட்டன் சாயா குடித்தவன்.
அலைந்தது என் கணக்கு,
படிப்பவர் ஏன் அதைக் கட்ட வேண்டும்?
சாலையும் போயிற்று.

ஒன்று சொல்லிவிடுகிறேன்.
இருபத்திரண்டு வயதில் நானும் ஒரு கதவின் முன் நின்றேன்,
சட்டைப்பையில் துறைமுக ஆபீஸ் காகிதத்தோடு.
அதை இங்கே எழுதப்போவதில்லை.
எழுதினால் இதுவும் நாற்பது பக்கம் ஆகும்,
நான் அப்படியே நின்றுகொண்டிருப்பேன்.

மறுவாரம் இரண்டரைப் பக்கம் கொண்டுபோனேன்.
அவள் டைப் அடிக்காமல் முதலில் வாசித்தாள்.
மேலே லாரி போயிற்று.

"தந்தி மாதிரி இருக்கு சாரே.
அந்த மழைய எங்க கொண்டு போட்டிய?"

எந்த மழை?

"முதல்ல உள்ளது. ஆடி மழ.
மழ இல்லேன்னா
அவன் தட்டுன உடனே அவளுக்குக் கேட்டுரும்லா?"

குடை ரிப்பேர்க்காரர் கம்பி வளைக்கிற சத்தம்
சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.
அவள் பேனாவையே வாங்கி
ஓரத்தில் ஒரு வரி சேர்த்தேன்,
அதன் கீழே படியில் ஒரு செருப்பு.

ஓட்டின்மேல் ஆடி மழை.
படியில் அவள் புருஷனின் ரப்பர் செருப்பு,
குதிகால் தேய்ந்தது, நனைகிறது.
ததேயு தட்டுகிறான்.
அவளுக்குக் கேட்கவில்லை.

திரும்பப் போய்விடலாம் என்று நினைக்க
அவனுக்கு ஒரு வரி கொடுத்தேன்,
ஒன்றே ஒன்று.

மறுபடி தட்டுகிறான்.

உள்ளே பானையை இறக்கி வைக்கிற சத்தம்.
"யாராக்கும்?"

மூன்று பக்கம். எழுபத்தைந்து ரூபாய்.
சில்லறை இல்லை என்றாள் ஜெபக்கனி.
அவள் கண் திரையை விட்டு அகலவில்லை.